வலது அறைக்கு ஒரு பாட்டில்

ஒரகடம் சாலையில், காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போன கம்பெனிப் பேருந்துகள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த வேளையில், ஒரு ஷேர் ஆட்டோ மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் வெளிப்பட்டது ஒரு கை. அந்தக் கை ஒரு குளுகோஸ் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது. மாநாட்டு ஊர்வலத்தின் முதல் வரிசையில் கொடி பிடித்து வருகிறவரும் அவ்வளவு நிமிர்வோடு பிடிப்பதில்லை. கையைத் தொடர்ந்து அதற்கு உரிய சரோஜா இறங்கினாள். பாட்டிலிலிருந்து தொங்கிய குழாயின் மறுமுனையில், இடது காலில் மாவுக்கட்டும் உடம்பில் கறுப்புச் சட்டையும் நீலம் பாய்ந்த உதட்டில் ஒரு புன்னகையுமாக, அவள் கணவரும் பகுத்தறிவுப் பேச்சாளருமான பிள்ளைப்பாக்கம் எழிலரசன் இறக்கப்பட்டார்.

"மெதுவா, தலைவரே. இது மேடை இல்ல, ஸ்ட்ரெச்சரு," என்றாள் சரோஜா.

மேடை என்ற சொல்லை அவள் வேண்டுமென்றே சொன்னாள். ராகு காலம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை நிறுவுவதற்காக, ராகு காலத்திலேயே தொடங்கிய ஒரு கூட்டத்தில், ராகு காலம் முடிவதற்குள் மேடைப் பலகை முறிந்து விழுந்தவர் எழிலரசன். கணுக்கால் எலும்பு இரண்டாயிற்று. "உளுத்துப்போனது பலகையே தவிர, பகுத்தறிவு அல்ல!" என்று தரையில் கிடந்தபடியே அறிவித்து, அதற்கும் கைதட்டல் வாங்கினார். சரோஜா கைதட்டவில்லை, வண்டி பிடிக்க ஓடினாள். அன்று முதல் கால் கட்டிலிலும் வாய் வழக்கம்போலவும் இருந்துவந்தன.

வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் உழைத்து, அங்கே தொழிற்சங்கச் செயலாளராகி, ஓய்வு பெற்ற பின்னும் கம்பெனி வாயில்களில் ஓயாமல் முழங்கிவந்தவர் அவர். ஜோதிடத்தைச் சாய்த்தவர், தாயத்தை அறுத்தவர், தந்தை இட்ட கோதண்டராமன் என்னும் பெயரையே கழற்றிப் போட்டுவிட்டு எழிலரசன் ஆனவர். "கண்ணால் காணாததை நம்பாதே! காட்டச் சொல்லிக் கேள்!" என்பது ஒவ்வொரு கூட்டத்தின் இறுதியிலும் அவர் எழுப்பும் முழக்கம். இப்படி எல்லாத் தெய்வங்களையும் ஊர் எல்லைக்கு அப்பால் விரட்டியவர், ஒரே ஒரு தெய்வத்தை மட்டும் தம்மை அறியாமல் விட்டுவைத்திருந்தார். அது பிளாஸ்டிக் உடம்பு கொண்டது, தலைகீழாகத் தொங்குவது, சொட்டுச் சொட்டாக அருள்பாலிப்பது.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை அந்தத் தெய்வத்துக்கு அடியார்கள் உண்டு. விடாமல் ஓவர்டைம் பார்த்துக் களைத்தவர், காய்ச்சல் கண்டவர், லாட்ஜ் சாப்பாட்டில் வயிறு கெட்டவர், யாராயினும் மருத்துவரிடம் முதலில் சொல்வது நோயை அல்ல. "ஒரு பாட்டில் ஏத்தி வுடு சார், ஷிப்டுக்குப் போணும்" என்பதைத்தான். ஏற்றாத மருத்துவர் படித்தவரே அல்லர் என்பது இந்த வட்டாரத்தின் தீர்ப்பு.

முன்தினம் எழிலரசனுக்கு மூச்சு வாங்கியது. தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏறியது. விடிந்ததும் குளியலறை வாசலில் மயங்கிச் சரிந்தார். இன்னொரு பாட்டில் ஏறத் தொடங்கியது. பாட்டிலில் தண்ணீர் இறங்கிய வேகத்தைவிட அவருடைய ரத்த அழுத்தம் இறங்கிய வேகம் கூடுதலாக இருப்பதைக் கண்டு முகம் வெளுத்த கிளினிக்காரர், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்டுங்க. மீதிய வீணாக்காம கையில புடிச்சிக்கினே போங்க" என்று வழியனுப்பிவைத்தார்.

எழிலரசனின் கவலையோ வேறு. அன்று மாலை, வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக ஒரகடத்தில் வாயிற்கூட்டம். சிறப்புரை அவர்தான். இந்தப் பாட்டில் முழுவதும் இறங்கிவிட்டால் எழுந்து நின்றுவிடலாம் என்று உறுதியாக நம்பினார்; நம்பிக்கை என்ற சொல்லே பிடிக்காத அந்த மனிதர்.

அவசரப் பிரிவில் அன்று பணியில் இருந்தவர் டாக்டர் அமலா, பாளையங்கோட்டைக்காரர். அவர் நாடி பார்ப்பதற்கு முன்பு, நலம் கேட்பதற்கு முன்பு, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி, சொட்டை நிறுத்தினார். பாட்டிலை வாங்கிக் கம்பியில் மாட்டினார்.

எழிலரசன் திடுக்கிட்டார். கோபம் வந்தால் அவருக்குச் செந்தமிழ் வரும்.

"மருத்துவர்… அவர்களே… இது… நோயாளியின்… உரிமையைப்… பறிக்கும்…"

பயனிலை வரவில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் கூட்டம் மூச்சுப் பிடித்துக் காத்திருக்க, அதை ஒரே மூச்சில் கொண்டுபோய் முடிப்பவர் அவர். இன்று சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது.

"பாத்தீங்களா டாக்டரு?" என்றாள் சரோஜா. "இவரு பேசச் சொல்ல நடுவுல நாம ஒரு வார்த்த சொருவ முடியாது. நேத்துலேர்ந்து எடம் வுட்டு எடம் வுட்டுப் பேசுறாரு. எனுக்கு பயமாக் கீது."

"பயம் நியாயம்தாம்மா," என்றார் அமலா, மானிட்டரையும் ஈசிஜி தாளையும் பார்த்தபடி. "ஆக்ஸிஜன் கொறயுது, பிரஷர் விழுது. ஈசிஜில வழக்கமான மாரடைப்பு தெரியல. நுரையீரல்ல சளியோ நீரோ இருக்க சத்தமும் இல்ல. கால்ல கட்டுப் போட்டு ரொம்ப நாளா படுத்த படுக்கைதானே? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நெஞ்சுக்குள்ள பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவர் அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தைத் தள்ளிவரத் திரும்பினார். நர்ஸ் ஃபிரடி ஆக்ஸிஜன் முகமூடியை எடுக்கக் குனிந்தான். சரோஜா ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் உடையவரை நினைத்துக் கண்ணை மூடினாள். மூவரும் பார்க்காத அந்த இடைவெளியில், எழிலரசனின் கட்டைவிரல் மெல்ல ஊர்ந்து சென்று, மூடிய சக்கரத்தைத் திறந்துவிட்டது. சொட்டு மீண்டும் விழத் தொடங்கியது. அவர் முகத்தில் கருவறை திறக்கக் கண்ட பக்தனின் அமைதி படர்ந்தது.

இயந்திரம் வருவதற்குள் மானிட்டர் கூவியது. ரத்த அழுத்தம் இன்னும் ஒரு படி கீழே போயிருந்தது. அமலா மேலே பார்த்தார். பாட்டில் தாராளமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத யாரு தெறந்தது?"

கம்பெனி விசாரணைகளில் எந்தத் தோழரையும் காட்டிக்கொடுத்தறியாத எழிலரசன், இப்போது தம்மையும் காட்டிக்கொடுக்கவில்லை.

"தலைவரே," என்றான் ஃபிரடி, "கட்ட வெரலு இன்னும் சக்கரத்து மேலதான் கீது."

அமலா மறுபடியும் மூடினார். எழிலரசன் எழ முயன்றார். செந்தமிழ் கைவிட்டது, ஊர்ப் பேச்சு கைகொடுத்தது.

"ஏத்த மாட்டீங்கன்னா… வுட்ருங்க. ஸ்ரீதரு… வண்டிய எடு… பாட்டில் போடுற… எடத்துக்குப் போலாம்."

வாசலில் நின்ற ஷேர் ஆட்டோக்காரன் ஸ்ரீதர், தலைவர் சொல்லை ஒருநாளும் தட்டாதவன், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சரோஜாவைப் பார்த்தான். சரோஜா அவனைப் பார்த்த பார்வையில் சாவி மறுபடியும் பைக்குள் போயிற்று.

அமலா கட்டிலின் ஓரத்தில் குனிந்தார். குரல் உயரவில்லை. "ஐயா, இப்ப இந்தக் கட்டில விட்டு எறங்குனா ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர மாட்டீங்க. பயமுறுத்துததுக்குச் சொல்லல. இன்னொரு பாட்டில் ஏறுனாலும் அதே கததான்."

"கண்ணால… காணாதத… நான் நம்ப மாட்டேன்."

"ரொம்ப நல்லது. நானும் அப்படித்தான்," என்ற அமலா, திரையை அவர் முகத்துக்கு நேரே திருப்பினார். "பாருங்க."

கறுப்புச் சட்டையின் பொத்தான்கள் கழன்றன. குளிர்ந்த ஜெல் நெஞ்சில் விழுந்ததும் எழிலரசன் நெளிந்தார்.

"டாக்டரு, உள்ள பெருமாளு இன்னா மூலையில கீறாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. அறுவது வயசு வரிக்கும் இல்ல இல்லன்னே சொல்லிக்கினு கீறாரு," என்றாள் சரோஜா. கேலி பழைய கேலிதான்; ஆனால் அவள் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. எழிலரசன் தம் வாழ்நாளில் முதல்முறையாகத் தம்மை உள்ளிருந்து பார்த்தார்.

"இது இடது அறை. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புதது. நல்லா அடிக்குது, கொற சொல்ல முடியாது. இந்தப் பக்கம் வலது அறை. உடம்பு சுத்தி வந்த ரத்தத்த வாங்கி நுரையீரலுக்குத் தள்ளுதது. வழக்கமா இது சின்னது. இடதுல மூணுல ரெண்டு பங்குதான் இருக்கும். உங்களுக்கு எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

எழிலரசன் பார்த்தார். பெரியது சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் இருந்தன. வலது அறை ஊதிப் புடைத்து, நடுச்சுவரை நெருக்கி, வட்டமாய் இருக்க வேண்டிய இடது அறையைப் பிறை நிலாவாய் அமுக்கிக்கொண்டிருந்தது.

"இந்த மூல தெரியுதா? வலது அறையோட வால்வு ஒட்டியிருக்க மூல. ஒவ்வொரு துடிப்புக்கும் பதினேழு மில்லிமீட்டராவது எம்பணும். அளந்தா பத்துதான் வருது. தள்ள முடியல, ஆனா தள்ளிட்டே இருக்கு." கருவி விலா எலும்புக்குக் கீழே இறங்கியது. "இது இதயத்துக்கு ரத்தம் கொண்டுவர பெரிய குழாய். மூச்ச இழுத்தா சுருங்கணும். இழுங்க… சுருங்கல. ரொம்பி வழியுது. தண்ணி பத்தலங்கறவனுக்கு இது ஒட்டிப்போயிருக்கும்." கடைசியாகக் கருவி மாவுக்கட்டுக்கு மேலே, தொடைக்கு வந்தது. "அழுத்துனா நரம்பு தட்டையாகணும். ஆகல. உள்ள ரத்தம் கட்டியா ஒறஞ்சு கெடக்கு. அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு மேல போயி, நுரையீரல் வாசல அடச்சிருக்கு. இதுதான் என் கணக்கு."

கருவி மறுபடியும் நெஞ்சுக்குத் திரும்பியது. எழிலரசனின் கண்கள் வலது அறையின் அந்த மூலையிலேயே நின்றன. எம்ப முயன்றது, விழுந்தது. மீண்டும் முயன்றது, விழுந்தது. அதை அவர் முன்பே எங்கோ பார்த்திருக்கிறார். எங்கே?

பிரஸ் ஷாப்பில்! அவர் இளைஞராக இருந்த நாளில், கன்வேயரின் முன்முனை அடைபட்டுப் போயிற்று. அடித்து முடித்த தகடுகள் நகர வழியின்றிக் குவிந்தன. ரத்தினம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி மூச்சிரைக்க அவற்றை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரோ பின்னாலிருந்து "ஏத்து, இன்னும் ஏத்து" என்று சரக்கை அனுப்பிக்கொண்டேயிருந்தார். ரத்தினத்தின் கை அகப்படுவதற்கு ஒரு நொடி முன்னதாக, சிவப்புப் பட்டனை ஓங்கி அமுக்கி லைனை நிறுத்தியவர் எழிலரசன். அதற்காக இடைநீக்கம் பெற்றார்; அதனாலேயே தலைவரானார். இந்தக் கதையை அவர் சொல்லாத மேடை இல்லை. எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும், எந்த இடத்தில் துண்டு தோளிலிருந்து நழுவும் என்பது உட்பட, சரோஜாவுக்கு அது மனப்பாடம்.

"லைன் ஜாமு," என்றார் எழிலரசன் மெல்ல.

"என்ன ஐயா?"

"முன்னால… அடச்சிக்கினு கீது. இவன்… தள்ள முடியாம… தள்ளிக்கினு கீறான். நான் பின்னாலேர்ந்து… இன்னும் சரக்கு…" அவர் கம்பியில் தொங்கிய பாட்டிலை அண்ணாந்து பார்த்தார். அது பாதி நிரம்பி, பளபளத்து, ஒரு பாவமும் அறியாதது போல் தொங்கியது. ஊரில் ஒரு சூப்பர்வைசரையும் விட்டுவைக்காமல் வைதவர், முன்தினத்திலிருந்து தம் நெஞ்சுக்குள் தாமே சூப்பர்வைசர் வேலை பார்த்திருக்கிறார்!

"சரோ… சிவப்பு பட்டன… அமுக்கு."

சரோஜாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எழுந்து வந்து குழாயை ஊசியிலிருந்து கழற்றினாள். அவள் கழற்றிய வேகத்தைப் பார்த்து ஃபிரடி பதறி, "யக்கா, யக்கா, ஊசி இருக்கட்டும், அது வேணும்!" என்று குறுக்கே விழுந்தான்.

"இப்ப அடப்ப கரைக்க மருந்து இருக்கு," என்றார் அமலா. "ஸ்கேனுக்கு அனுப்பி உறுதி பண்ணிட்டுக் குடுக்கலாம்னு பாத்தா, இந்த பிரஷர்ல அந்த ரூம் வரைக்கும்கூட உங்கள நகட்ட முடியாது. மருந்துலயும் ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன். சில பேருக்கு வேற எங்கயாவது ரத்தம் கசியும். மூளையில கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. குடுக்காட்டி இந்த வலது அறை இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் குடுப்பேன்."

எழிலரசன் மனைவியைப் பார்த்தார். ஆயிரம் பேர் கூடிய மாநாட்டில் எதிர்க்கருத்தைக் கேளாதவர், இப்போது ஒருத்தியின் கருத்துக்காகக் காத்திருந்தார்.

"போடுங்க டாக்டரு," என்றாள் சரோஜா. "மேட ஒடிஞ்சி வுழுந்தே பொழச்ச மனுசன்."

ஒப்புதல் தாளை ஃபிரடி நீட்டினான். "தலைவரே, ஆதார்ல இருக்குற பேர்ல போடுங்க."

எழிலரசனின் பேனா காற்றில் நின்றது. பல ஆண்டுகளாக அவர் எழுதாத பெயர் அது.

"கோதண்டராமன்னே போடுய்யா," என்றாள் சரோஜா. "பேர்ல வில்லு கீது, அம்பு கீதுன்னு இப்ப சண்ட போடாத. பொழச்சி வந்து மாத்திக்கலாம்."

போட்டார்.

மருந்து வந்தது. கட்டைவிரல் உயரமே உள்ள ஒரு சின்னக் குப்பி. அதிலிருந்த பொடியைக் கரைத்து, ஒரு சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்தான் ஃபிரடி. எழிலரசன் அதையும் பார்த்தார், கம்பியில் தொங்கிய பாட்டிலையும் பார்த்தார். அவர் முகத்தில் மரணபயத்தையும் மீறி ஓர் ஏமாற்றம் தெரிந்தது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் ஐயா," என்றார் அமலா. "கைதட்டு பெரிசா இருந்தாத்தான் பேச்சு நல்லா இருந்துச்சுன்னு அர்த்தமா?"

எழிலரசன் கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் மேடையில் கேட்டதில்லை.

சிரிஞ்சிலிருந்த மருந்து ரத்தத்தில் இறங்கியது. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஒரு சின்ன பம்பிலிருந்து இம்மி இம்மியாய்ச் சென்றது. சரோஜா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மானிட்டரின் எண்களுக்குப் பொருள் அவளுக்குத் தெரியாது. அதனால் அமலாவின் முகத்தையே எண்ணாகப் படித்துக்கொண்டிருந்தாள். அமலா மீண்டும் மீண்டும் உதட்டையும் நகத்தையும் கண்மணியையும் சோதித்தார்; பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். நண்பகல் தாண்டியபோது கேட்கப்படாமலே ஒரு குரல் எழுந்தது: "உழைக்கும் தோழர்களே, உங்கள் கைகளில் இருப்பது கருவி அல்ல, காலத்தின் திறவுகோல்!"

தலைவர் மாலைக் கூட்டத்தின் முதல் வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருந்தார். எழுவாயும் பயனிலையும் ஒரே மூச்சில் கை கோத்து வந்திருந்தன. சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவருடைய பேச்சைக் கேட்டு அவள் அழுதது அதுவே முதல் தடவை.

அதற்காகக் கூட்டத்துக்குப் போக விட்டுவிடுவார்களா? விடவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீதர் பழத்தோடு வந்தான்.

"கூட்டம் எப்பிடிப் போச்சு?" என்றார் எழிலரசன், தாம் இல்லாத குறையை எல்லோரும் எப்படி உணர்ந்தார்கள் என்று கேட்கும் ஆவலில்.

"செமயாப் போச்சி தலைவரே! நீங்க இல்லாததால சட்டுனு முடிஞ்சிது. எல்லாரும் டயத்துக்கு பஸ்ஸப் புடிச்சி வூட்டுக்குப் பூட்டாங்க."

அந்த அடியையும் அவர் இதயம் தாங்கிக்கொண்டது. மருந்து வேலை செய்துவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனாலும் அமலா இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். இம்முறை எழிலரசனே பொத்தானைக் கழற்றி, திரையைத் தம் பக்கம் திருப்பச் சொன்னார். சுவரைப் பார்த்திருந்த சரோஜாவையும் திரும்பச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கித் திரும்பினாள்.

வலது அறை ஒடுங்கியிருந்தது. இடது அறை தன் வட்டத்தை மீட்டிருந்தது. அந்த மூலை, நேற்று எம்ப மாட்டாமல் விழுந்த அதே மூலை, இன்று துள்ளிக்கொண்டிருந்தது.

"வீக்கம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர பல மாசம் சாப்பிடணும். ஆனா தூக்குது, பாத்தீங்களா? நல்லாத் தூக்குது," என்றார் அமலா.

எழிலரசன் நெடுநேரம் பார்த்தார். "இந்த வலது அறை ஒப்பந்தத் தொழிலாளி," என்றார், குரல் உண்மையாகவே தழுதழுக்க. "நெஞ்சத் தொட்டு நாம பேசுறதெல்லாம் அந்த இடது அறையப் பத்திதான். பேரு அதுக்கு, பாரம் இவனுக்கு. கேக்க நாதியில்லாம உள்ள நின்னு தள்ளிக்கினே கீறான்."

"ஏன், தள்ளிக்கினே கீறான்னு சொல்லுவ. கீறாள்னு சொன்னா வாய் நோவுமா? பொம்பளயா இருக்கக் கூடாதா?" என்றாள் சரோஜா. சொல்லிக்கொண்டே, அவர் நெஞ்சில் இருந்த ஜெல்லைத் துடைக்க வலக்கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. முகம் சுளித்து, இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

எழிலரசன் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சரோ, கை வலிக்குதா?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். பெண்ணுரிமை மாநாடுகளில் தலைமை வகித்த அந்த மனிதர் இந்தக் கேள்வியை அவளிடம் இதற்கு முன் கேட்டதாக நினைவில்லை.

"வலிக்காம? பிள்ளைப்பாக்கத்துலேர்ந்து தூக்கிக்கினு வந்தேன். பள்ளத்துல வண்டி குதிக்கச் சொல்ல கொஞ்சம் எறக்குனேன். 'தூக்கு, தூக்கு'ன்னு நீதான கத்தின."

எழிலரசன் அவள் கையைப் பிடித்துக் கட்டிலின் மேல் வைத்து, தோளிலிருந்து முழங்கை வரை மெல்ல அமுக்கிவிடத் தொடங்கினார். அமலா இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் நகர்ந்தார்.

அப்போது திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒரு புது நோயாளியின் குரல் கேட்டது: "ஒண்ணும் வேணாம் சார், ஒரே ஒரு பாட்டில் ஏத்தி வுடுங்க, நைட் ஷிப்டு கீது."

எழிலரசனின் நெஞ்சு நிமிர்ந்தது. மூச்சை ஆழமாக உள்ளிழுத்தார். தொண்டையைச் செருமினார். "தோழரே!" என்று தொடங்கினார்.

"வாய மூடிக்கினு கைய அமுக்கு," என்றாள் சரோஜா.